அண்டை அறிந்து மனை கொள்க

வீட்டைத் தேடுமுன் அண்டை வீட்டாரைத் தேடுக என்பது அரபு மக்களிடை வழங்கும் முதுமொழி. இதனை நபிமொழியாக எடுத்துரைப்போரும் உளர். அவ்வாறு வரும் அறிவிப்புத் தொடர் வலிவற்றதென்பர் ஹதீஸ் கலை வல்லார். எனினும் பழமொழி என்ற அளவில் அதன் உண்மையை மறுப்பாரில்லை. அம்முதுமொழியை இன்று உரைத்துப் பார்க்கத் தக்க ஊர் ஒன்றுண்டு, அது ஓசூர்.

கருநாடக எல்லையில், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூர், 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் உருமாறியது. 1980களில் அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகள் எழுந்தன. 2004இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் தக்கனி உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கும் இம்மண்ணில், கேழ்வரகும் காய்கறியும் விளைந்த நிலங்கள் மனைகளாகிக் கல் நடப்பட்டு நிற்கின்றன.

எம்மிடம் ஓதிய இளைஞர் ஒருவர் அங்கொரு தொழிற்சாலையில் பணியாற்றுகிறார். வட்டிக் கடன் வேண்டா என்னும் உறுதியுடையவர். ஆதலின் பத்தாண்டுச் சேமிப்பே அவருக்கு எல்லை. அவர்முன் இரு மனைகள் இருந்தன. ஒன்று ஏரியை ஒட்டியது; விலை குறைவு. "சுற்றிலும் நம்மவரே, பாங்கொலி வீட்டுக்குள் கேட்கும்" என்றார் தரகர். மற்றது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் உள்ளது. பரப்பில் சிறிது, விலையோ மிகுதி. அண்டையில் இருப்போர் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிற சமயத்தார். பள்ளிவாசலுக்கு வண்டியேறிச் செல்ல வேண்டும். "இவ்விரண்டில் எது பாதுகாப்பு என்று நீங்களே சொல்லுங்கள், ஹஜ்ரத்" என்றார் அவர்.

பாதுகாப்பு என்னும் சொல்லை நம்மவர் உச்சரிக்கும்போது அதற்குள் ஓர் அச்சம் ஒளிந்திருப்பதை நாம் அறிவோம். கலவர நாள்களைக் கண்ட நெஞ்சங்கள் தம்மவர் நடுவே குடியிருக்க விழைவது இயல்பே; அதனை இகழ்தல் தகாது. ஆயினும் அவ்வச்சத்தையே விலையாக்கி விற்போரும் உளர் என்பதை மறத்தல் கூடாது. "நம்மவர் இடம்" என்ற ஒரு சொல் பத்திரத்தின் குறைகளையெல்லாம் மூடிவிடுகிறது.

வெள்ளமோ சமயம் பார்ப்பதில்லை. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் மழை இம்மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பெய்தது. ஏரி நிரம்பி வழிந்த நீர், சாலையோரம் நின்ற வண்டிகளைப் புரட்டிக்கொண்டு போயிற்று. 2022 செப்டம்பரில் பெங்களூரில் ஏரிகளும் வாய்க்கால்களும் சூழ்ந்த பகுதிகளில், கோடிகள் கொடுத்து வாங்கிய மாளிகைகளிலும் நீர் புகுந்தது. நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

தண்ணீரில் நீந்தும் மீனைப் பிடிக்குமுன் விற்பதும், வானில் பறக்கும் பறவையை விற்பதும் 'கரர்' எனும் நிச்சயமற்ற வணிகம் என்று நம் ஃபிக்ஹு நூல்கள் விலக்கியுள்ளன. மீனுக்கே இவ்வளவு எச்சரிக்கை எனில், மீன் வாழ வேண்டிய ஏரிக்குள் மனை விற்பாரை என்னென்பது? ஒரு சாண் நிலத்தை அநீதியாகக் கவர்ந்தவன் கழுத்தில் ஏழு நிலங்களும் மறுமையில் மாலையாக்கப்படும் என்பது ஏந்தல் நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. ஏரியும் வாய்க்காலும் ஊர்ப்பொது. அவற்றைக் கவர்தல் ஓர் ஊரையே கவர்தலாகும்.

ஆகவே அவ்விளைஞரைக் காகிதங்களின்பால் திருப்பினோம். மூலப்பத்திரம் தொடங்கி இன்றுவரை உரிமை தொடர்ந்து வந்துள்ளதா? வில்லங்கச் சான்றில் அடைமானம் உண்டா? பட்டாவும் நிலஅளவை வரைபடமும் ஒத்துள்ளனவா? புறம்போக்கோ, வக்ஃபு நிலமோ, கோயில் மானியமோ அன்றே? நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் உண்டா? அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 2017இல் வந்த வரன்முறை விதிகள் பழைய மனைகளுக்கு வழி திறந்தன. நீர்நிலைகளுக்கு அவ்வழி திறக்கவில்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவாயின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்திலும் பதிந்திருத்தல் வேண்டும்.

காகிதம் கூறாதவற்றைக் கால்கள் அறியும். மழை பெய்த மறுநாளும், இரவுப்பணி முடிந்து பெண்கள் திரும்பும் வேளையிலும் அத்தெருவில் நடந்து பார்க்கச் சொன்னோம். குடிநீரைப் பற்றி அங்குள்ள தாய்மாரிடம் கேட்கச் சொன்னோம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்ததனாலன்றோ இம்மாவட்டத்திற்கும் தருமபுரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது? மேலும், பெங்களூரின் கழிவு கலந்த தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க வருகிறது. தளி, சானமாவுக் காட்டோரங்களிலோ யானை வரும் பருவத்தையும் கேட்டறிதல் வேண்டும்.

தேர்ந்து பார்த்ததில் ஏரியோர மனைக்கு அங்கீகாரமில்லை. வரைபடத்தில் அதன் ஒரு மூலை வாய்க்காலில் கிடந்தது. இளைஞர் இரண்டாவதையே கொண்டார். விலையில் பெரும்பங்கு மனைவியின் நகை விற்ற பணம். எஞ்சிய தம் பங்கை அவருக்கே ஹிபாவாக ஈந்து, மனைவி பெயரிலேயே பதிந்தார். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொத்து பெண் பெயரில் பதியப்படின் 2025 ஏப்ரல் முதல் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. மனை அவ்வரம்புக்குள் அமைந்தது.

"அண்டையில் நம்மவர் இல்லையே" என்ற ஏக்கம் மட்டும் அவருக்கு எஞ்சியிருந்தது. அண்டை வீட்டாரின் உரிமை எத்துணைப் பெரிதெனில், அபூ ராஃபிஉ (ரலி) அவர்கள், வேறொருவர் 500 பொற்காசு தர முன்வந்திருந்தும், தம் இல்லப் பகுதியை அண்டையிலிருந்த ஸஅத் (ரலி) அவர்களுக்கு 4000 வெள்ளிக்காசுக்குத் தவணையில் கொடுத்தார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களோ, தம் வீட்டில் ஆடறுத்த நாளில், அண்டையிலிருந்த யூதருக்குக் கொடுத்தீர்களா எனக் கேட்டார்கள். அண்டை என்ற சொல்லுக்குச் சமய வேலி இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அன்பர்களே, வரப்போகிறவர் எத்தகையோரோ என்று அத்தெருவாரும் ஐயுற்றே இருப்பர். அவர்களுடைய ஐயத்தைத் தீர்ப்பதும் மனை வாங்குவோரின் கடன். பத்திரத்தைப் பதிவாளர் பதிவார். இதனை நாமே பதிய வேண்டும்.