தேயிலை முடியும் இடத்தில்

தலவாக்கலையில் பஸ் மாறி, லிந்துலை, அக்கரப்பத்தனை தாண்டி டயகமவுக்கு ஏறும்போது மலையை அண்ணாந்து பார்த்தால் ஒரு கோடு தெரியும். கோட்டுக்குக் கீழே சீராகக் கவ்வாத்து வெட்டிய தேயிலை, மேலே கறுத்த காடு. அதற்கும் அப்பால் ஹோர்ட்டன் சமவெளி. அந்தக் கோடு தானாக விழுந்ததல்ல. 1873இல் ஜோசப் டால்டன் ஹூக்கர் என்ற தாவரவியலாளர், 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடாமல் விடுங்கள் என்று ஆலோசனை சொன்னார். அரசு கேட்டுக்கொண்டது. சில மலைகளில் தேயிலை அந்த உயரத்தையும் தாண்டிப் போயிருக்கிறது என்பது வேறு கதை. அதற்குக் கீழே மலைகளில் இருந்த காட்டில் பெரும்பகுதி முதலில் கோப்பிக்குப் போனது. கோப்பியை இலைத்துரு நோய் தின்று தீர்த்த பிறகு தேயிலைக்குப் போனது.

புதிய ஊர்வன இனங்களைத் தேடுகிறவர்கள் அடர்ந்த காட்டுக்குள் கொடிகளை வெட்டிக்கொண்டு நுழைவார்கள் என்றுதான் நானும் கேள்விப்பட்டிருந்தேன். நான் கூடப்போன இரண்டு இளைஞர்களும் வேலையில் பாதியை அந்தக் கோட்டு ஓரத்திலேயே செய்தார்கள். ஒருவர் அட்டன்காரர், விலங்கியல் படித்தவர். மற்றவர் கண்டியிலிருந்து வந்த சிங்களத் தம்பி, பல்லிகளையும் ஓணான்களையும் கண்ணை மூடிக்கொண்டு இனம் சொல்லக்கூடியவர். இருவர் பையிலும் முதலில் இருந்தது அனுமதிக் கடிதம். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பாதுகாக்கப்பட்ட ஊர்வனவற்றை அனுமதியில்லாமல் பிடிப்பது குற்றம். தோட்டத்துக்குள் நிற்கத் துரையின் சம்மதமும் வேண்டும். தேடுகிற காலத்தைவிடக் கடிதங்களுக்குக் காத்திருக்கும் காலம் அதிகம் என்றார் அட்டன்காரர்.

 

ஓணான் தேட இரவுதான் நல்லது. பகலில் கிளையின் மறுபக்கம் நழுவிவிடும். இரவில் கிளை நுனியில் தூங்கும்போது டோர்ச் வெளிச்சத்தில் வெளிறித் தெரியும். பாசி மூடிய ஒரு கிளையில் கண்டித் தம்பி வெளிச்சத்தை நிறுத்தியபோது எனக்குப் பாசிதான் தெரிந்தது. பிறகு பாசிக்குள் ஒரு கண். கோஃபோட்டிஸ் செய்லானிக்கா, விரல் நீளத்தைச் சற்றே தாண்டிய குள்ள ஓணான். வாலைக் கிளையில் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே தெரிகிற காது இதற்குக் கிடையாது. ஓடத் தெரியாது, மெல்ல நகரும். முட்டை இடுவதில்லை, குட்டி போடும். குளிர் மலையில் மண்ணுக்குள் முட்டை பொரிக்கும் என்று நம்பிக்கொண்டிருக்காமல் வயிற்றுக்குள்ளேயே வளர்த்துக்கொள்கிறது.

இந்தக் குள்ள ஓணானுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. மகாவலிப் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், நக்கிள்ஸ் மலையில். தாழ்ந்த சூடான நிலத்தைக் கடக்க முடியாத குளிர் விரும்பிகள் இந்த மலையில் ஒரு கூட்டமாகவும் அந்த மலையில் ஒரு கூட்டமாகவும் பிரிந்துபோய், காலப்போக்கில் வேறு வேறு இனமாகிவிட்டன. மூக்கில் கொம்புள்ள ஓணான்களிலும் இதே கதைதான். நுவரெலியாப் பக்கம் செரட்டோஃபோரா ஸ்டொட்டார்ட்டி, நக்கிள்ஸில் டெனன்ட்டி, தெற்கே இறக்குவானை மலைகளில் 1998இல் பெயர் பெற்ற காரு, எர்டெலெனி. மலையக வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டால், அடுத்து எந்த மலையில் புது இனம் கிடைக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

நக்கிள்ஸ் குள்ள ஓணான் விஷயத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 2006 என்ற ஒரே ஆண்டில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதற்குப் பெயர் வைத்துவிட்டன. ஒன்று டும்பாரா, மற்றது டும்பாரே. முதலில் அச்சேறியது நின்றது, மற்றது விழுந்தது. இந்தத் துறையில் போட்டி கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு கீழே இறங்கினோம். ஒரு மலையில் ஆண்கள் முள்ளு குத்தி, அதாவது மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அடுத்த நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா எங்களைக் கண்டதும் கையைக் காட்டினார்.

“தம்பி, பாம்பு தேடுறவங்க நீங்கதானே? இந்தா, இந்தக் கான் ஓரத்துல கெடக்குது. கடிக்காதுங்க, புழு திங்கிற பாம்பு. முள்ளு குத்துற நேரத்துல தெனமும் வரும்.”

மண்புழுதான் அதன் தீனி என்று நூல்களும் சொல்கின்றன. பென்சில் பருமன், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, மங்கிய பழுப்பு. அட்டன்காரர் கான் என்ற வடிகாலின் கட்டிலேயே குந்திக்கொண்டு அதை மல்லாத்திப் பிடித்தார். குண்டூசி நுனியால் வயிற்றுச் செதில்களைக் கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டு மலவாய் வரை எண்ணினார். பத்துக்கு ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல, கண்டித் தம்பி பென்சிலால் குறித்துக்கொண்டார். பேனா மை மழையில் கரையும், அதனால் பென்சில். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. இரண்டு தடவையும் ஒத்துப்போனால்தான் கணக்குப் புத்தகத்தில் ஏறும். பிறகு உடம்பைச் சுற்றியுள்ள செதில் வரிசைகள், கழுத்தருகே ஒருமுறை, நடுவில் ஒருமுறை, மலவாய்க்கு முன் ஒருமுறை. நடு உடம்பில் 15 வரிசை. வாலடிச் செதில்கள், உதட்டுச் செதில்கள். மூக்கு நுனியிலிருந்து மலவாய் வரை ஒரு நீளம், வாலுக்குத் தனி நீளம். வால் தொடங்கும் இடத்துச் செதில்களில் சிறு மேடுகள் இருப்பதை லென்ஸில் எனக்கும் காட்டினார். அஸ்பிடூரா ட்ராக்கிப்ரொக்டா. மலையகத்து மண்ணில் தாராளமாகக் கிடைக்கும் பாம்பு.

“புதுசா தம்பி?”

“இல்லக்கா, பழசுதான். 1860லயே ஒரு அமெரிக்கக்காரர் பேர் வச்சிட்டார்.”

“பழசுன்னு தெரிஞ்சும் எதுக்கு இவ்வளவு நேரம் எண்ணுனீங்க?”

“எண்ணாம எப்படிக்கா தெரியும்?”

அக்கா சிரித்துவிட்டுக் கொழுந்துக்குத் திரும்பினார். நிறுவையில் கிலோ குறைந்தால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், அரைப் பேராகிவிடும். எங்களோடு நின்று பேசிய ஒவ்வொரு நிமிடமும் அவருடைய கூடையிலிருந்து கழிந்த நிமிடம்.

அந்தப் பதிலில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது. எண்ணிக்கை ஒத்துப்போகாத ஒன்று எப்போதாவது வரும். வந்தவுடன் கண்டுபிடிப்பு என்று துள்ள முடியாது. பழைய பெயர்களுக்கு ஆதாரமான மூல மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். அவற்றில் பல லண்டனிலும் பெர்லினிலும் சாராயப் போத்தல்களில் இருக்கின்றன. இங்கே பிடித்து அங்கே பெயர் வைத்த காலத்துச் சொத்து. இன்று புதிதாகப் பெயர் பெறுகிறவற்றின் மூல மாதிரிகள் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்படுகின்றன. அது பெரிய மாற்றம். ஆனாலும் பழையதைப் பார்க்க விசாவும் டிக்கெட்டும் தேவை.

மாதிரி என்றால் கொன்ற உயிர்தான். முதலில் மரபணுச் சோதனைக்கு ஒரு துண்டுத் தசையைத் தனிச் சாராயத்தில் போட்டுக்கொள்கிறார்கள், ஃபார்மலின் பட்டால் மரபணு கெட்டுவிடும் என்பதால். பிறகு பத்து வீத ஃபார்மலினில் உடலை நேராகக் கிடத்தி விறைக்க வைத்து, எழுபது வீத எத்தனோலுக்கு மாற்றி, நூலில் எண் அட்டை கட்டிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, சொல்லவும் செய்தேன். “ஒரு சரிவைக் கோவாத் தோட்டத்துக்குத் துப்புரவாக்கினால் எத்தனை சாகும் என்று யாரும் கேட்பதில்லை, சேர்” என்றார் கண்டித் தம்பி. வாதத்தில் நியாயம் உண்டு. பெயரில்லாத உயிரைக் காப்பது கடினம் என்பதும் உண்மை.

இப்படிப் பெயர் பெற்றவை ஏராளம். 2005இல் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் விலங்கியல் இதழில் சுதேஷ் பட்டுவிட்டவும் முகமது பாஹிரும் ஒரே கட்டுரையில் ஐந்து புதிய பல்லிகளை விவரித்தார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் றம்பொடா. ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகும் நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த அதே றம்பொடைதான். 2007இல் பகல் பல்லிகளின் மறுஆய்வு வந்தது. அதற்கு முன் விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களே இருந்த சினெமாஸ்பிஸ் பேரினத்தில் இலங்கையில் இன்று முப்பதுக்கும் மேல். 2017இல் சிவனொளிபாதமலைக் காட்டிலிருந்து ஓர் அஸ்பிடூராவுக்கு ராவணாய் என்று பெயர். பகல் பல்லிகளில் கொட்டைம்பரவும் நந்திமித்திரவும் இருக்கிறார்கள், துட்டகைமுனுவின் வீரர்கள். இராவணனும் துட்டகைமுனுவின் படையும் ஒரே தீவில் பல்லியும் பாம்புமாக வாழ்வது நம் நாட்டில்தான் நடக்கும்.

இந்த வேகத்தை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒரே பாறையிலிருந்து எடுத்த சில பல்லிகளை வைத்துக்கொண்டு இனம் பிரிக்கலாமா என்ற கேள்வி உண்டு. என் கருத்து, மலைக்கு மலை பிரிவது நிஜம், ஆனால் அடுத்த மலையையும் தேடிப் பார்த்த பிறகு பெயர் வைப்பதே முறை. அதற்குப் பணமும் ஆளும் போதவில்லை.

பழைய பெயர்களில் என்னை நிறுத்தியது டிரமண்ட்-ஹே. அவர் ஒரு தோட்டத்துரை. 1904இல் ஓர் அஸ்பிடூராவுக்கும், 1921இல் கேடய வால் பாம்பு ஒன்றுக்கும் அவர் பெயர் வந்தது. இரண்டுமே மண்ணுக்குள் வாழ்பவை. கேடய வால் பாம்பைத் தோட்டங்களில் இருதலைப் பாம்பு என்கிறார்கள். கூரான தலையால் மண்ணைத் துளைத்துப் போகும், சொரசொரப்பான வாலில் ஒட்டும் மண் பின்னால் வளைக்கு மூடியாகும். உடம்பின் முன்பகுதித் தசைதான் துளைக்கும் வேலை செய்கிறது, பின்பகுதி வெறுமனே இழுபட்டு வருகிறது என்று 1978இல் கார்ல் கான்ஸும் மற்றவர்களும் காட்டினார்கள். இப்படிப்பட்ட பாம்பைத் துரை தானே குனிந்து தோண்டி எடுத்திருப்பார் என்று நான் நம்பமாட்டேன். கான் வெட்டியதும் முள்ளு குத்தியதும் யார் என்று நமக்குத் தெரியும்.

எது எங்கே கிடக்கும் என்ற இந்தத் தோட்டத்து அறிவைத் தேடி வேறு ஆட்களும் வருகிறார்கள். கொம்பு ஓணானும் குள்ள ஓணானும் வெளிநாட்டில் செல்லப்பிராணியாக விலை போகின்றன. 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய சர்வதேச வனவிலங்கு வணிக உடன்படிக்கை மாநாடு, இரண்டு குள்ள ஓணான்களையும், தேயிலைச் செடியிலும் வேலியிலும் நாம் அடிக்கடி பார்க்கும் கறுப்புக் கன்னத்து ஓணானையும் சர்வதேச வணிகம் தடைசெய்யப்பட்ட பட்டியலில் சேர்த்தது. நுவரெலியாப் பக்கத்துக் கொம்பு ஓணானுக்குக் கட்டுப்பாடு மட்டும்தான். இப்படித் தேடி வருபவர்களுக்குப் பயந்து இப்போது ஆய்வாளர்கள் சரியான இடத்தைக் கட்டுரையில் எழுதத் தயங்குகிறார்கள்.

நல்லதும் நடந்திருக்கிறது. இயற்கை ஆய்வாளர் ரோஹன் பெத்தியகொட, கைவிடப்பட்ட தேயிலை நிலத்தை அக்கரப்பத்தனைப் பக்கம் வாங்கி மறுபடி காடாக்கும் முயற்சியைத் தொடங்கினார். அதற்கு 2000ஆம் ஆண்டின் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. கோடு கீழேயும் இறங்கலாம் என்பதற்கு அது ஒரு சாட்சி.

தோட்டத்தில் இருந்து இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முள்ளு குத்தும்போதோ கான் வெட்டும்போதோ ஒரு பாம்பு வெளியே வந்தால் அடிக்காதீர்கள், கையாலும் தொடாதீர்கள். கோப்பி விரியனும் அதே செடியடியில்தான் கிடக்கும், அதன் கடி விளையாட்டல்ல. தள்ளி நின்று போனில் படம் எடுங்கள். முழு உடம்பு ஒன்று, தலை பக்கவாட்டில் ஒன்று, வால் ஒன்று. நாளையும் மலை நம்பரையும் எழுதி வையுங்கள். பேஸ்புக்கில் மட்டும் இடத்தின் பெயரைப் போடாதீர்கள். அனுமதிக் கடிதத்தோடு வரும் ஆய்வாளரிடம் படத்தைக் கொடுங்கள். அது புதிய இனமாக அச்சில் வந்தால், கட்டுரையின் நன்றிப் பகுதியில் உங்கள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.