வேலியின் அடிக்கம்பி

டெக்சாஸ் மாநிலத்தின் எட்வர்ட்ஸ் பீடபூமியில் செம்மறி வளர்ப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால், ஆட்டைவிட வேலியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். சான் ஏஞ்சலோவிலிருந்து தெற்கே சொனோராவுக்குப் போகும் வழி நெடுக அந்த வேலி கூடவே வருகிறது. இடுப்புயரத்துக்குச் சதுரக் கண் வைத்த வலைக்கம்பி, அதன் மேல் ஓரிரு வரி முள்கம்பி, தாங்கி நிற்க ஜூனிப்பர் மரக்கால்கள். மண் பல இடங்களில் ஒரு சாண்கூட இல்லை, அதன் கீழே சுண்ணாம்புப் பாறை. அந்தப் பாறையை உடைத்துத்தான் கால் நட்டிருக்கிறார்கள். உள்ளே நம் ஊர்ச் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவான மெஸ்கீட்டும் குட்டை ஓக்குகளும் கள்ளியும் மண்டிக் கிடக்கின்றன.

நம் பக்கத்துக் கீதாரிகள் ராத்திரி கிடையோடேயே படுத்துக்கொள்வார்கள். இங்கே அந்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போய்விட்டது. வலைக்கம்பி வந்ததும் மேய்ப்பர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பல நூறு ஏக்கர் அடைப்புக்குள் ஆடுகள் தாமாக மேய்ந்து, தாமாக ஈன்று, தாமாகக் குட்டியை நக்கி எழுப்புகின்றன. அந்தக் கம்பியில் எங்கே வழி விழுந்திருக்கிறது, அதில் யார் வந்துபோகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். அவர்தான் கண்ணிக்காரர். அவருடைய முதல் எதிரி கயோட்டி. பார்வைக்கு நம் குள்ளநரிக்கும் ஓநாய்க்கும் இடைப்பட்ட உருவம். அந்தப் பகுதியில் 10 முதல் 15 கிலோ எடை இருக்கும்.

நான் போனது பிப்ரவரியில், செம்மறிகள் ஈனத் தொடங்கியிருந்த நேரம். கண்ணிக்காரருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அப்பாவும் இதே தொழில்தானாம். சில பண்ணைக்காரர்கள் சேர்ந்து, அவரவர் நிலத்தின் அளவுக்கேற்பப் பணம் போட்டு அவரை வைத்திருக்கிறார்கள். பிக்கப் வண்டியை நடைவேகத்தில் வேலியோரமாக விட்டு, சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அடிக்கம்பியை மட்டும் பார்த்துக்கொண்டே வருவார். கயோட்டி வேலியைத் தாண்டிக் குதிப்பது குறைவு, அடியில் நுழைவதுதான் அதற்குப் பழக்கம். தானாகத் தோண்டவும் செய்யும். ஆனால் அர்மடில்லோவோ, ஹாவெலினா என்கிற காட்டுப்பன்றி போன்ற பிராணியோ ஏற்கெனவே பறித்துவைத்த பள்ளம் இருந்தால் அதற்கு இன்னும் வசதி.

ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினார். அடிக்கம்பி லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தது. கீழே பள்ளத்தின் தரை தேய்ந்து வழவழவென்று இருந்தது. முழங்காலிட்டு உட்கார்ந்து, கம்பி முறுக்கில் சிக்கியிருந்த மயிர்களை ஒவ்வொன்றாக உருவி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தடித்து விறைத்து, கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை போட்டிருந்தது ஹாவெலினாவினுடையது. நெளிந்திருந்த இன்னொன்றை நகத்தால் மடக்கினார், உடனே ஒடிந்தது. மான் மயிர் உள்ளே கூடாக இருக்கும், அதனால்தான் ஒடிகிறது. மூன்றாவதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மெல்லியது, அடி வெளுத்து நுனி கறுத்திருந்தது. அது கயோட்டி.

கயோட்டி வருகிறது என்று தெரிந்தும் அங்கே அவர் கண்ணி வைக்கவில்லை. பள்ளத்தில் கல்லைப் போட்டு இறுக்கி அடைத்தார். "எல்லாரும் போகிற வாசல் நமக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அன்றைக்கு அவர் கண்ணி வைத்த வழிகளைவிட அடைத்த வழிகள்தான் அதிகம். இந்தத் தொழிலின் திறமை பிடிப்பதில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். எங்கே பிடிக்கக் கூடாது என்று தீர்மானிப்பதில்தான் அவர் நேரமெல்லாம் செலவாயிற்று.

கண்ணி என்பது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கேபிள். 7 இழைகளை முறுக்கி ஒரு புரி, அப்படி 7 புரி சேர்ந்தது ஒரு கேபிள். விமானங்களுக்கென்று செய்யப்பட்ட வகை அது. ஒரு முனையில் வளையம், வளையத்தில் ஒரு சிறிய பூட்டு. இறுகும் பக்கம் நகரும், இளகும் பக்கம் நகராது. மறுமுனையில் ஒரு சுழலி. பிடிபட்ட பிராணி புரண்டாலும் கேபிள் முறுக்கி அறாமல் இருக்க அது வேண்டும். புதுக் கேபிள் பளபளக்கும், எண்ணெய் வாடையும் வீசும். அதனால் சமையல் சோடா கலந்த தண்ணீரில் வேகவைத்து மங்கலாக்கிய பிறகுதான் எடுத்து வருகிறார். கையுறை போடாமல் தொடுவதில்லை.

வளையத்தை வேலிப் பள்ளத்தில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான அகலத்தில், தரையிலிருந்து இரண்டு விரல்கடை உயர்த்தி, மெல்லிய கம்பித் துண்டால் அடிக்கம்பியோடு நிறுத்திவைப்பார். மறுமுனை வேலிக்காலில் உறுதியாகக் கட்டப்படும். கயோட்டி தலையைத் தாழ்த்தி நுழைகிறது. கழுத்தில் ஏதோ உரசுகிறது. புல்லும் கம்பியும் உரசி உரசிப் பழகிய பிராணி அதைப் பொருட்படுத்தாமல் முன்னே தள்ளுகிறது, வளையம் இறுகிவிடுகிறது. இதில் இரை இல்லை, வாசனை மருந்து இல்லை, விசை இல்லை. அது தன் பாட்டுக்கு நடக்கிற நடைதான் அதைப் பிடித்துக்கொடுக்கிறது.

பூட்டுக்குப் பக்கத்தில் ஆங்கில எஸ் எழுத்துப் போல ஒரு சிறு கொக்கி இருந்தது. அவரிடம் இருந்தவை 130 கிலோவை ஒட்டிய இழுப்பு வந்தால் விரிந்துவிடும் வகை. மானோ கன்றுக்குட்டியோ மாட்டினால் திமிறி விடுவித்துக்கொள்ளும், கயோட்டிக்கு அந்த பலம் கிடையாது. கேபிளில் இன்னோரிடத்தில் ஒரு தடுப்பு நசுக்கி வைக்கப்பட்டிருந்தது. வளையம் ஓர் அளவுக்குக் கீழே இறுகாது, மானின் கால் பட்டால் உருவிக்கொள்ளும். பல மாநிலங்களில் இவற்றில் ஏதாவதொன்றைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. கொலராடோ மக்கள் 1996-இல் வாக்கெடுப்பு நடத்திக் கண்ணியையும் கால்பொறியையும் பெரும்பாலும் தடுத்தே விட்டார்கள்.

மதியம் ஒரு பண்ணையிலிருந்து அழைப்பு வந்தது. குட்டி ஒன்று செத்துக் கிடக்கிறது என்றார் பண்ணைக்கார அம்மா. போய்ப் பார்த்தபோது வெளியே பெரிய காயம் தெரியவில்லை. கண்ணிக்காரர் கத்தியை எடுத்துக் கழுத்துத் தோலைத் தாடையிலிருந்து மெல்ல உரித்தார். தோலின் உட்புறம் தாடைக்குச் சற்றுக் கீழே, குரல்வளையின் இரு பக்கமும் பல் இறங்கிய ஓட்டைகள். அவற்றைச் சுற்றி ரத்தம் கன்றிப் பரவியிருந்தது. செத்ததைக் கடித்திருந்தால் இப்படிக் கன்றாது. நாய் கடித்திருந்தால் காது, பின்னந்தொடை, விலா என்று கண்ட இடமெல்லாம் கிழிந்திருக்கும். "மேடம், இது நாய் வேலை இல்லை. தொழில் தெரிந்த கயோட்டி" என்றார். அந்த அம்மா குட்டியைப் பார்க்கவில்லை. சற்றுத் தள்ளி நின்று மடி கனத்துக் கத்திக்கொண்டிருந்த தாயாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் "தொழில் தெரிந்த" என்று சொன்னதற்கு ஆதாரம் உண்டு. எல்லாக் கயோட்டியும் ஆடு கொல்வதில்லை. எலி, முயல், பழம், வெட்டுக்கிளி என்று கிடைத்ததைத் தின்றே பெரும்பாலானவை வாழ்கின்றன. வட கலிஃபோர்னியாவில் ஹாப்லாண்ட் ஆராய்ச்சிப் பண்ணையில் 1990களில் நடந்த ஆய்வு, செம்மறிகளை அடித்தவை பெரும்பாலும் அந்த எல்லையை ஆண்ட, குட்டி போடும் இணைகள்தான் என்று காட்டியது. யூட்டாவில் அப்படிப்பட்ட இணைகளுக்குக் கருத்தடை செய்து பார்த்தபோது ஆட்டுக்குட்டி இழப்பு குறைந்தது. குட்டிகளுக்கு ஊட்ட வேண்டிய தேவைதான் அவற்றை மந்தைப் பக்கம் தள்ளுகிறது.

அரசாங்கம் போன வழி வேறு. 1915-இல் ஓநாயையும் கயோட்டியையும் ஒழிக்க அமெரிக்க நாடாளுமன்றம் 1,25,000 டாலர் ஒதுக்கியது. 1931-இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. நஞ்சு, பொறி, துப்பாக்கி எல்லாம் இறங்கின. எட்வர்ட்ஸ் பீடபூமியின் நடுப்பகுதியில் கயோட்டி கிட்டத்தட்ட இல்லாமலே போயிற்று. 1940களில் டெக்சாஸில் ஒரு கோடிக்கும் மேல் செம்மறிகள் இருந்தன, வேலிக்கும் கண்ணிக்கும் பணம் இருந்தது. 1972-இல் ரிச்சர்ட் நிக்சன் கூட்டரசு நிலங்களில் நஞ்சு வைப்பதை நிறுத்தினார். கம்பளிக்குக் கிடைத்துவந்த மானியம் 1990களின் நடுவில் நின்றது. இன்று செம்மறிகள் 10 லட்சத்துக்கும் கீழே. பண்ணைகள் துண்டு துண்டாக விலைபோயின. வாங்கியவர்கள் பலரும் வார இறுதியில் மான் வேட்டைக்கு வருகிறவர்கள். அவர்கள் வேலியை யார் பார்ப்பது? கயோட்டி திரும்பி வந்துவிட்டது. இன்றைக்கு ஹவாய் தவிர எல்லா மாநிலத்திலும் இருக்கிறது.

கூட்டரசின் வனவிலங்குத் துறை இன்னமும் ஆண்டுக்கு 50,000-க்கு மேல் கொன்றுகொண்டிருக்கிறது. அதனால் இனம் குறையவில்லை. கடுமையாகக் கொல்லப்பட்ட இடங்களில் மிஞ்சிய பெண் கயோட்டிகள் ஓர் ஈற்றில் அதிகக் குட்டி போடுவதை ஃபிரடெரிக் நோல்ட்டன் டெக்சாஸிலேயே கண்டு 1972-இல் எழுதினார். ஹெலிகாப்டரில் பறந்து சுடுவதற்கு இப்போது கிராக்கி அதிகம். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. எந்தக் கயோட்டி எந்தக் குட்டியைக் கொன்றது என்று மேலிருந்து எப்படித் தெரியும்? கண்ணியையும் முழு மனதோடு என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் குட்டி செத்த அடைப்பில், கயோட்டி மட்டும் போகிற வழியில், ஈற்றுக்காலம் முடியும்வரை வைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆண்டு முழுதும் எல்லா வேலியிலும் தொங்கவிடுவதில் அந்த நியாயம் இல்லை.

மறுநாள் விடியலில் அந்தப் பண்ணை வேலியில் ஒன்று மாட்டியிருந்தது. ஏற்கெனவே செத்திருந்தது. சுற்றிலும் தரை கீறிக் கிடந்தது, பக்கத்துச் செடி வேரோடு சாய்ந்திருந்தது. சாவு சட்டென்று வரவில்லை என்பதற்கு அந்த மண்ணே சாட்சி. கண்ணிக்காரர் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தார். தேயாத வெள்ளைப் பல், இளம் ஆண். பிறகு வயிற்றைக் கீறினார். எலி எலும்பு, முயல் மயிர். கம்பளி ஒரு நூல்கூட இல்லை. கத்தியைப் புல்லில் துடைத்துக்கொண்டே, "இவன் அந்த ஆள் இல்லை" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. இத்தனை பார்த்துப் பார்த்து வைத்தும் தவறான உயிர் போகிறது என்றால், பார்க்காமல் வைக்கிற இடங்களில் என்ன நடக்கும் என்ற கவலை எனக்கு அங்கே நிற்கும்போதே வந்தது.

அந்த அம்மாவிடம் இரண்டு கிரேட் பிரனீஸ் காவல் நாய்கள் இருக்கின்றன. வெள்ளையாக, ஆட்டோடு ஆடாகப் படுத்துக்கிடக்கும். சான் ஏஞ்சலோவிலுள்ள டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக மையம் இப்படிப்பட்ட நாய்களை மந்தையோடு பழக்கப் பண்ணைக்காரர்களுக்கு உதவுகிறது. சிலர் கழுதையும் வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரம் 2000-த்தை ஒட்டி, அரசுக் கண்ணிக்காரரை விட்டு நாய்க்கும் வேலிக்கும் பணம் தரும் வழிக்கு மாறியது. சிக்கல் என்னவென்றால் காவல் நாயும் வேலிக்கடியில் நுழையும். கண்ணிக்கு ஆள் தெரியாது. அதனால் நாய் நடமாடும் பக்கங்களில் இவர் கண்ணி வைப்பதில்லை. எல்லை வேலியில் வைத்தாலும் மூச்சை அடைக்காத, இளகுகிற வகைப் பூட்டைத்தான் போடுகிறார். சங்கிலியில் கட்டிப் பழகிய நாய் அதில் மாட்டினால் திமிறாமல் உட்கார்ந்திருக்கும் என்பதால், குட்டியிலேயே கட்டிப் பழக்குங்கள் என்று ஒவ்வொரு பண்ணையிலும் சொல்லிவருகிறார்.

ஈற்றுக்காலம் முடிந்ததும் கண்ணிகளைக் கழற்றும்போதும் கூட இருந்தேன். வைத்த ஒவ்வொரு கண்ணிக்கும் அவருடைய நோட்டுப்புத்தகத்தில் ஒரு வரி: எந்த வேலி, எந்த வாசலிலிருந்து எத்தனையாவது கால். கழற்றியதும் அந்த வரியை அடிப்பார். ஒரு கால் அருகே போனபோது கேபிள் அறுந்து பாதிதான் தொங்கியது. ஹாவெலினா கடித்து இழுத்துப் போயிருக்க வேண்டும் என்றார். வளையம் இருந்த பாதியைக் காணவில்லை. புதரில் திறந்தபடி கிடக்கும் வளையம் எதையாவது பிடித்துக்கொண்டேதான் இருக்கும் என்று வண்டியை அணைத்துவிட்டுத் தேடப் போனார். மெஸ்கீட் முள் கையைக் கிழிக்க, இருவரும் வேலியின் இருபுறமும் குனிந்து குனிந்து பார்த்தோம். வெயில் ஏறிய பிறகு ஒரு கள்ளிப் புதருக்குள் கிடைத்தது. பூட்டை வெட்டி எறிந்து, கேபிளைச் சுருட்டி வாளியில் போட்டார். நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, பள்ளத்தை அடைக்கக் கல் பொறுக்கத் தொடங்கினார்.