ஆளில்லாப் பை

காத்திருத்தல் நம் மக்களுக்குப் புதிதன்று. ரேஷன் கடையிலும், மருத்துவமனையிலும், பேருந்து நிலையத்திலும் காத்திருந்தே பழகியவர்கள் நாம். ஆயினும் விமான நிலையத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டால் நம்மால் பொறுக்க முடிவதில்லை. பணம் கொடுத்து வாங்கிய விரைவு அல்லவா அது! அதில் கை வைப்பவர் யாராயினும் அந்த நேரத்திற்கு நம் பகைவராகி விடுகிறார். சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்களும் அப்படித்தான் நின்றோம்.

வடக்கே ஒரு பெருநகரில் வாழும் மகளையும் பேரனையும் பார்த்துவிட்டு, சென்னை வழியாக மதுரை திரும்புவதற்காக அந்நகரின் விமான நிலையத்திற்கு வந்திருந்தோம். உள்ளே நுழைந்து அரை மணி நேரம் கூட ஆகியிருக்காது. ஊதல் ஒலித்தது. காவலர்கள் கைகளை விரித்து, அந்தக் கூடத்தில் இருந்த அனைவரையும் வெளியே போகச் சொன்னார்கள். கயிறு கட்டினார்கள். மோப்ப நாய் ஒன்று எங்களைக் கடந்து உள்ளே சென்றது. யாரோ ஒரு பையைத் தூணருகே விட்டுச் சென்றுவிட்டார்களாம்.

வெளியே வெயிலில் நின்ற கூட்டம் முணுமுணுத்தது. நாங்களும் சேர்ந்து கொண்டோம். “படித்தவர்களே இப்படிப் பொறுப்பில்லாமல் இருந்தால் நாடு எப்படி உருப்படும்?” என்று அருகில் நின்றவரிடம் சொன்னோம். அவரும் தலையாட்டினார். பிறருடைய குற்றத்தைப் பேசும்போது மனிதருக்குள் எவ்வளவு எளிதாக நட்பு மலர்கிறது!

அதன் பிறகுதான் தள்ளுவண்டியில் இருந்த சாமான்களை எண்ணினோம். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றே இருந்தன. மகள் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தை எவர்சில்வர் தூக்கில் வைத்து, மாத்திரை டப்பாவையும் சேர்த்துப் போட்டிருந்த துணிப்பையைக் காணவில்லை. புறப்பாட்டுப் பலகையைப் பார்க்க எழுந்தபோது, தூணருகே வைத்தது நினைவுக்கு வந்தது.

“பேசாமல் இருப்போம்” என்றார் எங்களில் ஒருவர். யார் சொன்னது என்பது இங்கே தேவையில்லை, மற்றவரும் மறுக்கவில்லை. பத்து நிமிடம் நாங்கள் வாய் திறக்கவில்லை. உள்ளே கனத்த கவச உடை அணிந்த ஒருவர் எங்கள் எலுமிச்சைச் சாதத்தை நோக்கித் தனியாக நடந்து போவதைக் கண்ணாடி வழியே பார்த்தோம். உள்ளே இருப்பது என்ன என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். அந்த நடையைப் பார்த்த பிறகு எங்களால் நிற்க முடியவில்லை. அருகில் இருந்த இளங்காவலரிடம் சென்று, “அது எங்கள் பை” என்றோம்.

அவர் கோபித்துக் கொள்வார் என்று எதிர்பார்த்தோம். எங்கள் பேச்சின் சாயலைக் கேட்டதும், “அய்யாவுக்கு எந்த ஊருங்க?” என்று தமிழிலேயே கேட்டார். திருமங்கலம் பக்கத்துப் பிள்ளை. விவரம் உள்ளே சொல்லப்பட்டது. ஆனாலும் எங்கள் சொல்லை மட்டும் நம்பி அவர்கள் பையைத் தூக்கித் தந்துவிடவில்லை. ஊடுகதிர்க் கருவியில் பார்த்து, நாயை விட்டு மோப்பம் பிடிக்கச் செய்து, கூடம் முழுவதையும் ஒருமுறை தேடி முடித்த பின்னரே கயிற்றை அவிழ்த்தார்கள். எங்களிடம் எழுதி வாங்கிக் கொண்டார்கள். ஒன்றேகால் மணி நேரம் கழிந்திருந்தது. “இவ்வளவு பேரைச் சிரமப்படுத்திவிட்டோமே, தம்பி” என்றோம். அவர் சொன்னார்: “நூறு பையும் சும்மா பைதாங்கய்யா. நூத்தி ஒண்ணாவது பை எதுன்னு எங்களுக்குத் தெரியாதே.”

அன்று மாலை சென்னையில் இறங்கி மதுரை விமானத்திற்காகக் காத்திருந்தோம். மீனம்பாக்கம் என்ற பெயர் அதுவரை எங்களுக்கு வெறும் ஊர்ப்பெயராகவே இருந்தது. அன்று அப்படி இருக்கவில்லை. அந்த நூற்றியோராவது பை வந்து சேர்ந்த இடம் அதுவல்லவா!

1984ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள். கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்திற்கென ஒருவர் பெட்டிகளைப் பதிவு செய்தார். அவரோ விமானம் ஏறவில்லை. கொழும்பில் வெடிக்க வேண்டும் என்று வெடிகுண்டு வைக்கப்பட்ட அப்பெட்டிகள் மீனம்பாக்கத்திலேயே தங்கிவிட்டன. பெட்டிகளில் குண்டு இருக்கிறது, அப்புறப்படுத்துங்கள் என்று தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்தது. ஒரு முறையன்று, பல முறை. ஆனால் அந்தக் குரல் முழுமையாக நம்பப்படவில்லை. கடத்தல் தங்கத்தை மீட்பதற்கான தந்திரமோ என்ற ஐயமும் குறுக்கிட்டது. மக்களை வெளியேற்றுவதா, பெட்டிகளை வெளியேற்றுவதா, யார் ஆணையிடுவது என்று நேரம் கரைந்தது. இரவு 11 மணியை நெருங்கும் வேளையில் குண்டு வெடித்தது. கூரை இடிந்து விழுந்தது. ஏறத்தாழ முப்பது பேர் மாண்டனர். அவர்களில் பலர், முந்தைய ஆண்டின் இனக்கலவரத் துயரை இன்னும் நெஞ்சில் சுமந்திருந்த தீவிலிருந்து வந்த இலங்கைப் பயணிகள்.

மறுநாள் மதுரையில் அச்செய்தியைப் படித்தபோது, கொலைகாரரை நொந்தோம், அதிகாரிகளைத் திட்டினோம். அவ்வளவுதான். எங்கள் பத்து நிமிட மௌனத்திற்குப் பிறகு அதே செய்தியை நினைத்துப் பார்க்கையில் வேறு ஒன்று உறைத்தது. அங்கே குறைந்து போனது இரண்டு: எச்சரிக்கையை நம்பும் மனம், கூட்டத்தை எழுப்பி வெளியே அனுப்பும் துணிவு. பொய்யாக இருந்தால் ஊர் சிரிக்குமே, பயணிகள் ஏசுவார்களே என்ற தயக்கம் எந்த அதிகாரிக்கும் வரக்கூடியதே. அப்படி ஏசுகிற பயணிகள் யார்? நாங்கள்தாமே.

அதன் பிறகும் ஓராண்டு நிறைவதற்குள், 1985 ஜூன் 23ஆம் நாள், ‘கனிஷ்கா’ என்னும் ஏர் இந்தியா விமானம் அயர்லாந்துக் கடலோரத்தில் வானிலேயே வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தனர். அதிலும் ஏறாத பயணி ஒருவரின் பெட்டியே எமனாக வந்தது. அதன் விளைவாகவே 1987 ஏப்ரல் 1 முதல் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புக்கென நம் நாட்டில் தனித்துறை ஒன்று இயங்கலாயிற்று. பயணி ஏறாவிட்டால் அவருடைய பெட்டியும் போகக் கூடாது என்ற விதி உறுதிப்பட்டது. ‘யாரோ ஒருவர் வரவில்லையாம், அவர் பெட்டியைத் தேடி இறக்குகிறார்களாம்’ என்று விமானத்துக்குள் நாம் சலித்துக் கொள்ளும் தாமதத்தின் வரலாறு இதுவே. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து வந்த விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்ட பின், 2000ஆம் ஆண்டில் ஜெய்ப்பூரில் தொடங்கி, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை விமான நிலையங்களின் காவலை ஏற்றது. ஒவ்வொரு விதியின் அடியிலும் ஒரு கல்லறை இருக்கிறது.

சோதனை முடிந்தவர்களை ஏன் மீண்டும் வெளியேற்றிச் சோதிக்கிறார்கள் என்று கேட்போரும் உண்டு. 2010 ஜனவரி 3ஆம் நாள் அமெரிக்காவின் நூவர்க் விமான நிலையத்தில், காவலர் சிறிது நேரம் இடம் விட்டு நகர்ந்த வேளையில், ஓர் இளைஞர் தம் காதலியிடம் மீண்டும் ஒரு முறை விடைபெறுவதற்காகத் தடைக்கயிற்றைத் தாண்டி உள்ளே போனார். கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் அந்த ஒருவர் எங்கே போனார், எதை வைத்தார் என்று தெரியாத நிலையில் உள்ளே இருந்த எவரையும் ‘சோதிக்கப்பட்டவர்’ என்று சொல்ல முடியாமற் போயிற்று. முனையம் மூடப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்து மறுபடியும் வரிசையில் நின்றனர், பல மணி நேரம் விமானங்கள் தாமதமாயின. குடிநீர்க் குடத்தில் ஒரு துளி சாக்கடை விழுந்தால் அத்துளியை மட்டும் எடுத்து எறிய முடியுமா? குடத்தையே கவிழ்க்க வேண்டியதுதான்.

மதுரைச் சமவெளியில் கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியாத செய்தியன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்து தளும்பும்போது, கரையில் நடந்து காவல் காப்பவர் நீர்க்கட்டி. நள்ளிரவில் அவர் “கரை கசியுது!” என்று குரல் கொடுத்தால் ஊரே மண்வெட்டியோடு எழுந்து ஓடும். போய்ப் பார்த்தால் சில நாள் அது வெறும் நண்டு வளையாக இருக்கும். தூக்கம் கெட்டதே என்று எவரும் நீர்க்கட்டியை ஏசியதில்லை. ஏசினால் அடுத்த முறை அவர் கூப்பிடத் தயங்குவார். அந்தத் தயக்கத்தில்தான் கரை உடையும் என்பதை எழுதப் படிக்கத் தெரியாத நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

கசியாத கரையைக் கசிகிறது என்று வேண்டுமென்றே கத்துவோரும் இன்று இருக்கின்றனர். 2024 அக்டோபரில் சில வாரங்களுக்குள் நம் நாட்டின் நூற்றுக்கணக்கான விமானங்களுக்கு வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன, அத்தனையும் பொய். மிரட்டல் வந்தால் அது குறிப்பிட்டுச் சொல்லப்பட்டதா, பொதுவானதா என்று ஆராய்ந்து முடிவெடுக்க விமான நிலையங்களில் குழு உண்டு. அக்குழுவினர் ஒவ்வொரு முறையும் மீனம்பாக்கத்தை மனத்தில் வைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ‘புலி வருகிறது’ என்று பொய்யாய்க் கூவிய சிறுவனின் கதையில் அழிந்தது அவனுடைய ஆடுகள். இங்கே அழிவது பிறர் உயிரைக் காக்கும் அந்த நம்பிக்கை. பொய் மிரட்டல் விடுப்பவர் குண்டு வைக்காதவராயினும், ஒரு நாள் உண்மையாகவே குண்டு வைப்பவனுக்கு வழி திறந்து வைப்பவரே.

அன்றிரவு பெருங்குடியில் விமானம் இறங்கியது. சாமான்களை எடுத்துக் கொண்டு வெளியே வந்து, அவனியாபுரம் வழியாக வீட்டுக்குப் போகும் காரில் ஏறுமுன், இருவரும் ஒன்றும் பேசிக் கொள்ளாமலே எண்ணினோம். நான்கு. எலுமிச்சைச் சாதம் கெட்டுப் போயிருந்தது. ஆயினும் தூக்கைத் திறந்தபோது அதைக் கொட்ட மனம் வராமல் சற்று நேரம் நின்றோம். முன்பின் அறியாத ஒருவர் அதற்காகத் தம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாரே! அவர் பெயரைக் கூட நாங்கள் கேட்கவில்லை. இப்போதெல்லாம் எந்த வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கச் சொன்னாலும் நிற்கிறோம். அவருக்கு நாங்கள் செலுத்தக் கூடிய கடன் அது ஒன்றுதான்.