தோட்டா துளைக்கிறதா, அடிக்கிறதா?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பணிபுரியும் எங்கள் தங்கை மகன் அங்கே வேட்டை உரிமம் பெற்றிருக்கிறார். கடமானுக்கு எந்தத் தோட்டா ஏற்றது, அந்த இறைச்சி ஹலாலா என்று அம்பத்தூரிலுள்ள எங்களிடம் கேட்டார். ஆட்டுக்கறிக் கடை அவ்வூரில் இல்லையா என்பதே எங்கள் அம்மாவின் முதல் வினா!

எங்களிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் பாட்டனார் .315 துப்பாக்கி வைத்திருந்தார். இராணுவத்தின் .303 குடிமக்களுக்கு மறுக்கப்பட்டிருந்ததால் உரிமம் பெற்றோர் பலர் வாங்கியது இதைத்தான். கனத்த, மழுங்கிய முனைத் தோட்டா. நொடிக்கு 600 மீட்டர் அளவில் செல்லும். அருகில் நிற்கும் மானுக்கே ஏற்றது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்தது. அதன்பின் அத்துப்பாக்கி போய்வந்த இடமெல்லாம் தேர்தல் காலத்தில் காவல் நிலையம் மட்டுமே.

கடமான் நம் காடுகளுக்குரிய விலங்கு. 19-ஆம் நூற்றாண்டில் அதை விக்டோரியாவுக்குக் கொண்டுசென்று விட்டார்கள். அங்கே அதை வேட்டையாடச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் .270-க்குக் குறைந்த துளையும் 130 கிரெயினுக்குக் குறைந்த குண்டும் கூடாது. 1925-இல் வந்த .270 அக்குண்டை நொடிக்கு ஏறத்தாழ 930 மீட்டர் வேகத்தில் செலுத்தும். தொலைவில் அதிகம் தாழாது. 1906-ஆம் ஆண்டின் .30-06, 150 கிரெயின் குண்டை 890 மீட்டர் அளவில் செலுத்தும். இன்னும் கனத்த குண்டுகளையும் தாங்கும். தோளில் உதைப்பதும் அதிகம். 1952-இல் வந்த .308 வேகத்தில் அதற்குச் சற்றே பின்தங்கினாலும் உதை குறைவு. 200 மீட்டருக்குக் குறி சரிசெய்தால் 300 மீட்டரில் ஒரு சாண் அளவு தாழும். அடர்ந்த காட்டில் 150 மீட்டருக்கு மேல் பார்ப்பதே அரிது; .308 போதும் என்பது எங்கள் கருத்து.

மார்க்கக் கேள்வி இதைவிட நுட்பமானது. ‘மிஃராள்’ எனும் எறிகம்பைப் பற்றி அதிய்யு பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் கேட்டபோது, கூர்முனை துளைத்ததை உண்ணலாம், அகலப்பக்கம் பட்டுச் செத்ததை உண்ணலாகாது என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். தோட்டா இவ்விரண்டில் எது? 1834-இல் மறைந்த யெமன் அறிஞர் ஷவ்கானி, அது துளைக்கிறது, ஆகவே ஆகும் என்றார். 1836-இல் மறைந்த ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன், அதற்குக் கூர்மை இல்லை, சூட்டாலும் கனத்தாலுமே கொல்கிறது, ஆகவே ஆகாது என்றார். இருவர் காலத்திலும் தோட்டா பெரும்பாலும் ஈய உருண்டை. கூர்முனைக் குண்டு பரவியது அதற்கு அறுபது எழுபது ஆண்டுகள் கழித்தே. அதை அம்போடு ஒப்பிடும் ஹனஃபி அறிஞர்களும் இன்று உண்டு; பழைய தீர்ப்பிலேயே நிற்போர் பலர்.

பழைய தீர்ப்பின்படி, உயிர் இருக்கும்போதே சென்று பிஸ்மில்லாஹ் கூறி அறுத்தாக வேண்டும். இங்கேதான் சிக்கல். 300 மீட்டரைத் தோட்டா அரை நொடிக்குள் கடக்கும். புதரும் பள்ளமும் தாண்டி மனிதன் போய்ச் சேரப் பல நிமிடங்கள் ஆகும். நுரையீரலில் சரியாகப் பட்ட மான் அதற்குள் இறந்துவிடும். அது உயிரோடு கிடக்கட்டும் என்று வேண்டுமென்றே காலில் சுடுவதோ வதை. கத்தியைத் தீட்டி அறுபடும் பிராணிக்கு வேதனை தராதீர் என்று போதித்த நபியின் உம்மத்திற்கு அது அடுக்குமா?

ஆகவே அவருக்கு இப்படி எழுதினோம்: எந்த அறிஞரின் தீர்ப்பைப் பின்பற்றுவது என்பதை அவ்வூர் இமாமிடம் கேட்டு முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள், துப்பாக்கிக் கடைக்குப் போவது அதன்பிறகு. பழைய தீர்ப்பையே பின்பற்றுவதானால் இறைச்சிக்காக மான் சுட வேண்டாம். மற்றத் தீர்ப்பை ஏற்றால் .308, கூர்முனைக் குண்டு, 150 மீட்டருக்குள், விலாவில் மட்டும் குறி; சுடும்போதே பிஸ்மில்லாஹ். விருந்துக்கு அழைக்கும் நண்பர்களிடம், இது தோட்டாவால் இறந்த மான் என்று பரிமாறுமுன் சொல்லிவிடுங்கள். உண்பதும் விடுவதும் அவரவர் முடிவு.