நிறுத்தித் தந்த நேரம்

திங்கள், வேடசந்தூர்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் சாலையில் வந்தால் வேடசந்தூர் வட்டாரம் முழுக்க நூற்பாலைகள். அவற்றில் ஒன்றில் இந்த வாரம் பராமரிப்புத் துறைத் தணிக்கை. பகல் முழுக்கப் பதிவேடுகள்தான். ரிங் ஃபிரேம் ஷெட்யூலில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. ஆயில், டேப், டிராவலர் என்று எல்லாவற்றிலும் டிக் விழுந்திருக்கிறது. ஆறு மாதத்தில் ஒரு வேலைகூடத் தள்ளிப்போகவில்லை என்றால் என்னால் நம்ப முடியாது. ஆர்டர் நெருக்கும், ஃபிட்டர் லீவு போடுவார், ஸ்டோரில் சாமான் இருக்காது. தள்ளிப்போனதை எழுதியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

செவ்வாய்

இரண்டாம் ஷிஃப்டில் ஃபிட்டரோடு ஸ்ட்ரோபோஸ்கோப்பை எடுத்துக்கொண்டு ஸ்பின்னிங்குக்குள் போனேன். நிமிடத்துக்கு 18,000 சுற்றுச் சுற்றும் ஸ்பிண்டில் மேல் அதே கணக்கில் ஒளியை விட்டுவிட்டுப் பாய்ச்சினால் அது அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அப்படி நின்ற வரிசைக்கு நடுவே இரண்டு மட்டும் மெல்லப் பின்னோக்கி நகர்ந்தன. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனோம். அங்கேயும் நேர் எதிரே இரண்டு. இந்த நாலையும் ஓட்டுவது ஒரே டேப். அது தளர்ந்தால் ஸ்பிண்டில் வேகம் குறையும். முன் ரோலரோ தன் வேகத்திலேயே இழையை விட்டுக்கொண்டிருக்கும். நூலில் முறுக்குக் குறைந்துவிடும். கண்ணுக்கு நல்ல நூல்தான். பிரச்சினை தெரிவது அது திருப்பூருக்கோ சோமனூருக்கோ போய் மெஷினில் ஏறி, அறுந்து, அங்கே ஒருவர் வேலை நின்றுபோகும்போது.

டேப் மாற்றியதாகப் பதிவேடு சொல்வது போன மாதம் 28-ஆம் தேதி. அதே தேதிக்கான உற்பத்திப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அந்த மெஷினில் மூன்று ஷிஃப்டும் முழு ஹேங்க் (நூல் நீளக் கணக்கு) ஓடியிருக்கிறது. ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. இரண்டு புத்தகத்திலும் கையெழுத்து இருக்கிறது.

ஃபிட்டரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நிப்பாட்டிக் குடுத்தாத்தானே சார் மாத்த முடியும்? கேட்டா இந்த லாட் முடியட்டும்ங்கிறாங்க. அடுத்த லாட் வந்துருது. கட்டம் காலியா கெடந்தா கேள்வி எங்களுக்குத்தான் வருது."

2012 வாக்கில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது வேலை ஒழுங்காக நடந்தது என்றும் சொன்னார். டீசல் போட்டு ஓட்டிக் கட்டுப்படியாகாத மெஷின்கள் நிற்கும். அந்த நேரத்தில் இவர்கள் கை வைப்பார்கள். மின்சாரம் சீரான பிறகு மெஷினை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை. பொய்யாக எழுதியது தவறுதான்; ஆனால் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

புதன்

கணக்குப் பிரிவு. சொத்துப் பதிவேடும் தளத்தில் நிற்கும் மெஷின்களும் ஒத்துப்போகின்றன. ஒன்றைக் குறித்துக்கொண்டேன். 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டு ஆயுள் வைத்திருக்கிறது. மூன்று ஷிஃப்ட் ஓட்டினால் தேய்மானத்தை இரட்டிப்பாகப் போட வேண்டும். கணக்கர் சரியாகவே போட்டிருக்கிறார். இராப்பகலாக ஓடும் மெஷின் இரண்டு மடங்கு தேய்கிறது என்று கணக்குப் புத்தகம் ஒப்புக்கொள்கிறது. பராமரிப்புக்கான நேரத்தை ஒதுக்கும் இடத்தில் மட்டும் யாரும் அதை ஒப்புக்கொள்வதில்லை.

வியாழன்

இன்று பார்த்ததுதான் மனதை விட்டுப் போகவில்லை. ஓடிக்கொண்டிருந்த மெஷினின் கியர் பக்கம், கவரைத் திறந்து வைத்துக்கொண்டு, ஓர் இளைஞன் வெறுங்கையால் பஞ்சை வழித்துக்கொண்டிருந்தான். இருபது வயதுகூட இருக்காது. மெஷினை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார்கள். ஓடும் இயந்திரத்தில் கை வைப்பதைக் கட்டுப்படுத்தவே 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 22-ஆம் பிரிவு எழுதப்பட்டது. நிறுத்தும் நேரம் கிடைக்காத வேலை கடைசியில் இப்படிப்பட்ட ஒரு கையில்தான் வந்து விழுகிறது.

மெயின் சுவிட்சில் ஓர் அட்டை தொங்குகிறது: 'ஆள் வேலை செய்கிறார்'. அட்டை விழுந்தால் யார் வேண்டுமானாலும் சுவிட்சைப் போடலாம். சாயங்காலம் திண்டுக்கல் போய் அந்தச் சுவிட்சுக்குப் போடப் பூட்டுகள் வாங்கினேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுகளின் ஊர் அது. ஒரு ஃபிட்டருக்கு ஒரு பூட்டு, ஒரே சாவி, அது அவர் சட்டைப் பையில். வேலை முடித்து அவரே திறக்கும்வரை மெஷின் ஓடக்கூடாது.

வெள்ளி

அறிக்கையின் முதல் குறையாக, பராமரிப்புக்கு மெஷின் விடப்படுவதில்லை என்று எழுதினேன். "மெயின்டனன்ஸைப் பார்க்க வந்துட்டு புரொடக்‌ஷனைப் பற்றி எழுதுறீங்களே?" என்றார் மேலாளர். இரண்டு புத்தகத்தையும் அதே தேதியில் விரித்து அவர் முன்னால் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

மாதத் திட்டத்திலேயே நிறுத்தும் மணி எழுதப்பட வேண்டும். நிறுத்தும்போதும் திரும்ப ஓட்டும்போதும் ஹேங்க் மீட்டர் அளவைக் குறித்து ஷிஃப்ட் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். நிறுத்த முடியாவிட்டால் காரணத்தையும் அவரே எழுத வேண்டும். இவைதான் என் பரிந்துரைகள். பூட்டுக்கு உடனே சம்மதித்தார். மற்றதை முதலில் நாலு மெஷினில் செய்து பார்க்கிறோம் என்றார். எல்லா மெஷினுக்கும் வேண்டும் என்று அறிக்கையில் அப்படியே விட்டிருக்கிறேன். மூன்று மாதம் கழித்து வரும்போது அந்த நாலை விட்டுவிட்டு மற்றவற்றிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.