வாடகையும் அமானிதமும்



நம் குடும்பங்கள் பலவற்றில் இன்று ஒரு கேள்வி எழுகிறது. தகப்பனார் கட்டிவைத்த வீடுகள் ஓர் ஊரில் இருக்கின்றன. பிள்ளைகள் வேறு ஊரிலும் வெளிநாட்டிலும் இருக்கின்றனர். மாதம் பிறந்தால் வாடகை வாங்க வேண்டும். குழாய் உடைந்தால் ஆள் அனுப்ப வேண்டும். குடியிருப்பவர் காலி செய்தால் அடுத்தவரைத் தேட வேண்டும். இவற்றையெல்லாம் கவனிக்கக் கமிஷனுக்கு ஒரு மேலாளரை நியமிக்கலாமா என்பதே அக்கேள்வி. சென்ற ஆண்டு இது எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. நாங்கள் எண்ணிப் பார்த்த விதம் உங்களுக்கும் பயன்படலாம்.

எங்கள் அத்தா மர்ஹூம் அவர்கள் சித்தேரி மலையில் நெடுங்காலம் மளிகைக் கடை நடத்தினார்கள். அரூரிலிருந்து சரக்கு மலையேறும். திரும்பும்போது புளியும் சாமையும் தேனும் இறங்கி வரும். கடை இருந்தது வாடகைக் கட்டடத்தில். அதன் உரிமையாளர் அம்மலையின் பழங்குடியினரான மலையாளி இனத்துப் பெரியவர். பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தார். கூரை ஒழுகினால் அவரே ஏறிப் பார்ப்பார். வாடகை தாமதமானால் அத்தாவின் முகத்தைப் பார்த்தே காரணத்தை அறிந்துகொள்வார். அவ்விருவருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவருக்கு வேலையே இருக்கவில்லை.

ஆகவே, மேலாளர் என்ற தேவையை உண்டாக்குவது சொத்தின் அளவன்று. உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் இடையேயுள்ள தூரம்தான். அடுத்த தெருவில் பத்து வீடு வைத்திருப்பவருக்கு மேலாளர் வேண்டியதில்லை. கடல் கடந்திருப்பவருக்கு ஒரே வீடானாலும் யாரேனும் வேண்டும்.

அத்தா அந்தக் கடை வருமானத்தில் அரூரில் குடியிருக்க ஒரு வீடும், வாடகைக்கு நான்கு வீடுகளும் கட்டினார்கள். நான் தருமபுரியில் ஒரு மதரஸாவில் ஓதிக் கொடுக்கிறேன். தம்பி குவைத்தில் இருக்கிறான். கணவரை இழந்த தங்கை அம்மாவுடன் அரூரில் வசிக்கிறாள். வீடு ஒன்றுக்கு 6,000 ரூபாய் வீதம் மாதம் 24,000 ரூபாய் வாடகை வருகிறது. மார்க்கம் வகுத்த பாகப்படி அம்மாவுக்கு எட்டில் ஒரு பங்காக 3,000 ரூபாய், எஞ்சிய 21,000 ரூபாயில் ஆண்மக்கள் இருவருக்கும் தலா 8,400, தங்கைக்கு 4,200. எனக்கும் தம்பிக்கும் இது உபரி வருமானம். அம்மாவுக்கும் தங்கைக்கும் அடுப்பு எரிவதே இதனால்தான்.

ஊரிலுள்ள தரகர் ஒருவர் நான்கு வீடுகளையும் கவனித்துக்கொள்வதாகச் சொன்னார். மாத வசூலில் எட்டு விழுக்காடு. புதிதாக ஒருவரைக் குடியமர்த்தினால் ஒரு மாத வாடகை தனி. "அண்ணே, எட்டு விழுக்காடுதானே? கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்போம்" என்றான் தம்பி தொலைபேசியில்.

நான் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 23,040 ரூபாய். ஆண்டுக்கு இரண்டு வீடுகளில் ஆள் மாறினால் மேலும் 12,000. ஆக 35,040 ரூபாய். ஆண்டு வாடகையான 2,88,000 ரூபாயில் இது ஏறத்தாழ 12 விழுக்காடு. பேச்சில் எட்டாக இருந்தது கணக்கில் பன்னிரண்டாகிவிட்டது. இதில் தங்கையின் பங்கிலிருந்து மட்டும் 6,132 ரூபாய் போய்விடும். அது அவளுடைய ஏறத்தாழ ஒன்றரை மாத வருமானம். மேலும், ஆள் அடிக்கடி மாறினால் உரிமையாளருக்கு நஷ்டம், தரகருக்கோ இலாபம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் இருவர் நலனும் எதிரெதிரே நிற்கும் ஏற்பாடு நல்லவரையும் சோதிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இரு சாராரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. மேலாளர் என்பவரை அச்சட்டமும் அறியும். உரிமையாளர் தமக்கு அதிகாரம் அளித்ததற்கு அவர் சான்று காட்ட வேண்டும். ரசீது கொடுத்து வாடகை வாங்குவதும், அவசியப் பழுதுகளைச் செய்விப்பதும் அவர் கடமை. வாடகை பாக்கிக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தும் உரிமை உரிமையாளருக்கும் இல்லை, மேலாளருக்கும் இல்லை. வருமான வரியிலோ, வீட்டு வாடகைக்கு 30 விழுக்காடு பொதுக் கழிவு உண்டே தவிர, மேலாளர் கமிஷனைத் தனியே கழிக்க வழியில்லை.

மார்க்கச் சட்டத்தில் ஒருவரைத் தம் சார்பில் நியமிப்பது வகாலத் எனப்படும், அது ஆகுமானதே. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தம் வணிகப் பொருளை நம்பிக்கைக்குரியவரிடம் ஒப்படைத்துச் சிரியாவுக்கு அனுப்பிய வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் கூலி இவ்வளவு என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு வசூலாகும் என்று தெரியாத தொகையில் விழுக்காடு பேசுவதை அறிஞர் பலர் ஏற்பதில்லை, சிலர் அனுமதிக்கின்றனர். மாதம் இவ்வளவு என்று குறித்துவிட்டால் அந்தக் கருத்து வேற்றுமைக்கே இடமில்லை. இன்னொன்று: வகீல் அமானிதக்காரர். அலட்சியமும் அத்துமீறலும் இல்லாதவரை, நேர்ந்த நஷ்டத்திற்கு அவர் ஈடு தர வேண்டியதில்லை. எனவே ஆளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முழுவதும் உரிமையாளர் தலையில்தான் இருக்கிறது.

இவற்றையெல்லாம் அரூர் வீட்டில் அமர்ந்து விளக்கியபோது தங்கை ஒரு வார்த்தைதான் கேட்டாள்: "வாடகை நோட்டை இனி அவரா எழுதப் போகிறார், அண்ணே?"

அந்த நோட்டை எடுத்துவரச் சொன்னேன். எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, எந்த வீட்டு மோட்டார் எப்போது பழுதானது, பிளம்பருக்குக் கொடுத்த கூலி எவ்வளவு என அத்தனையும் அவள் கையெழுத்தில் இருந்தது. குடியிருக்கும் பெண்கள் குறை சொல்ல வருவதும் அவளிடமே. நாங்கள் வெளியே தேடிய வேலையை அவள் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தாள். நாங்கள் உதவியென்று நீட்டிய பணத்தை மட்டும் அவள் ஒருமுறையும் வாங்கியதில்லை.

இப்போது எங்கள் ஏற்பாடு இதுதான். தங்கையே மேலாளர். மாதம் 2,000 ரூபாய் ஊதியம்; அது பொது வாடகையிலிருந்து எடுக்கப்படுவதில்லை. அங்கே இல்லாதவர்கள் நானும் தம்பியும்தான் என்பதால் எங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு 1,000 ரூபாய் தருகிறோம். அம்மாவின் பங்கில் ஒரு காசும் குறைவதில்லை. ஒப்பந்தம் எழுதும் வேலைக்கு மட்டும் அவ்வப்போது வக்கீலுக்குக் கட்டணம் கொடுக்கிறோம். ஊதியம் என்று எழுதிக் கொடுத்த பிறகு தங்கை மறுக்கவில்லை. மாதம் முடிந்ததும் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிறாள்.

எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் அமைவதில்லை. வெளியாளைத்தான் நியமிக்க வேண்டுமென்றால், தயங்காமல் நியமியுங்கள். ஆனால் மாத ஊதியத்தை எழுத்தில் குறியுங்கள். ஆள் மாறுவதற்குத் தனிக் கூலி பேசாதீர்கள். வாடகை நேரே உங்கள் வங்கிக் கணக்கில் சேரட்டும். அதிகாரப் பத்திரத்தில் பராமரிப்பு அதிகாரம் மட்டும் இருக்கட்டும். விற்கும் அதிகாரம் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கு வந்து சேர்ந்த 3 மாதத்திற்குள் முத்திரைத் தீர்வை செலுத்துங்கள். வெளிநாடுவாழ் இந்தியருக்குக் கொடுக்கும் வாடகையில் குடியிருப்பவரே வரிப் பிடித்தம் செய்ய வேண்டிய கடமை உண்டு. அதை ஆடிட்டரிடம் கேட்டு ஒழுங்கு செய்யுங்கள்.

அதற்கெல்லாம் முன்னதாக, உங்கள் வீட்டுக் கணக்கு நோட்டை இப்போது எழுதிக்கொண்டிருப்பது யார் என்று ஒருமுறை பாருங்கள். அவருக்குரிய கூலியை முதலில் பேசி முடியுங்கள். தரகரை அழைப்பதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.