யமுனை ஆடிய கைகள்

நவீன நடனத்துக்கு விமர்சனம் எழுத ஆசைப்பட்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது நடனக் கலைஞர் சந்திரலேகாவின் அரங்கேற்றத்தைத்தான். காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் பயின்றவர். 1952-ல் நடந்த அந்த அரங்கேற்றத்தை ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக ஆடினார். ‘மதுரா நகரிலோ’ உருப்படி. யமுனையில் பெண்கள் நீராடி விளையாடும் கட்டம். கைகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருக்கும்போதே, படங்களில் பார்த்த வெடித்த நிலமும், தகரக் குவளையோடு தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களும் அவர் மனதில் வந்து நின்றார்கள். இந்த ஆட்டத்துக்கும் வாழ்க்கைக்கும் என்ன உறவு என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்தது, கடைசிவரை அவரை விடவில்லை.

தண்ணியில்லாக் காடு என்று பேர் வாங்கிய ராமநாதபுரத்தில் பிறந்த நமக்கு அந்தக் கலக்கத்தை விளக்கவே வேண்டாம். மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறும்வரை குடத்தோடு காத்திருந்த தாய்மாரின் பிள்ளைகள் நாம்.

முன்பு ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கி நடன விமர்சனம் எழுதினார். பிறகு விமர்சகர் சுப்புடு வந்தார். இருவர் பேனாவிலும் கூர்மை உண்டு. வர்ணம், ஜதி, அபிநயம் என்று ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் பொதுவான இலக்கணம் இருந்ததால் அவர்களால் சட்டென்று தீர்ப்புச் சொல்ல முடிந்தது. ஆனால் சந்திரலேகா 1985-ல் ‘அங்கிகா’வைக் கொண்டுவந்தபோது களரியும் யோகமும் பரதத்தோடு மேடை ஏறின, தெய்வக் கதை இல்லை. 2001-ல் வந்த ‘சரீரா’வில் குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசைக்கு ஒரு பெண்ணும் ஓர் ஆணும் மிக மெதுவாக அசைகிறார்கள். இங்கே போய் முகபாவம் எங்கே என்று தேடினால் கண்முன்னால் நடப்பது தப்பிவிடும். முதுகெலும்பு எப்படி நிமிர்கிறது, உடலின் பாரம் எந்தப் பாதத்தில் இறங்குகிறது, மூச்சு எங்கே நிற்கிறது என்பதை முதலில் எழுதுங்கள். அரங்குக்கு வராதவரும் காணும்படி எழுதிய பிறகு பிடித்தது, பிடிக்காதது சொல்லலாம். அதையும் தயங்காமல் சொல்லுங்கள். முகதாட்சண்யத்துக்காகப் புகழ்வதை நான் வெறுக்கிறேன்.

கண்ணைப் பழக்கச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. பாம்பன் பக்கம் கரைவலை இழுப்பவர்களைக் கவனியுங்கள்: குதிகால் மணலில் புதைய, இடுப்பு பின்னால் சாய, எல்லோரும் ஒரே மூச்சில் இழுப்பார்கள். அந்த உடலின் உழைப்பை வார்த்தையில் பிடிக்கத் தெரிந்தவருக்கு நவீன நடனம் அந்நியமாக இராது.

முடிந்தால் ஒத்திகைக்கும் போங்கள். சந்திரலேகாவின் படைப்புகளுக்கு ஒளியமைத்த சதானந்த் மேனன் ஒரு பத்திரிகையாளர். நடனம் உருவாகும் இடத்திலேயே இருந்து பார்த்தவர்.